எழுபத்தொரு கிலோ எடைக்கல்

தன்னை முட்டாள் என்று சொல்லும் உரிமையை அரைக்கிராம் என்ற பெரியவர் வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. "அந்த முத்திரைய நானே குத்திக்கறேன், நீங்க சிரமப்படாதீங்க" என்பார். இதயப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் புது நோயாளிகள் நடுவே உட்கார்ந்து அவர் இந்தக் கதையை எடுத்துவிடும்போது நர்ஸ் குறுக்கே பேசுவதில்லை. தான் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியும் மண்டையில் ஏறாத விஷயம், இந்த மனிதர் பத்து நிமிஷம் தன்னைத்தானே திட்டிக்கொண்டால் ஏறிவிடுகிறது என்பது அவள் கண்ட அனுபவம்.

அரைக்கிராம் என்பது பட்டப்பெயர். எடையளவுத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதிப்பதும், சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் தராசையே தூக்கிக்கொண்டு போவதும் அவர் வேலை. உலகத்தில் எந்தத் தராசும் அச்சுப் பிசகாமல் இருக்காது என்பதால், இவ்வளவு வரை முன்னே பின்னே போகலாம் என்று சட்டமே ஓர் எல்லை வைத்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பிழை என்று அதற்குப் பெயர். அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் தராசைக்கூட இவர் ஒரு மாதிரி முறைத்துப் பார்ப்பார். அரை கிராம் போனாலும் விடமாட்டார் என்று கடைக்காரர்கள் வைத்த பெயர் அது. வசவாகத்தான் வைத்தார்கள். இவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் வாழ்த்து அட்டையில் அந்தப் பெயரையே அச்சடித்துக் கொடுக்க, மேடையிலேயே கண் கலங்கினார் என்றால் ஆள் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற மூன்றாவது வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முன்பு ஒரு மாரடைப்பு வந்து போயிருந்தது. அது போய்விட்டது என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார், அதுவோ உள்ளே வேலையைக் காட்டிவிட்டுத்தான் போயிருந்தது. எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு தாளில் இதயத்தை வரைந்தார்.

"உங்க இதயம் விரிஞ்சு தளர்ந்து போச்சு. விரிஞ்சதால இந்த வால்வோட ரெண்டு இதழும் ஒண்ணையொண்ணு தொட மாட்டேங்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால போக வேண்டிய ரத்தம் நுரையீரல் பக்கமா பின்னால கசியுது. அதான் மூச்சு வாங்குது, கால்ல நீர் கோக்குது."

"எவ்வளவு கசியுது டாக்டர்?"

"நிறைய."

நிறைய என்பது ஓர் அளவா என்று அரைக்கிராமுக்கு உள்ளூர எரிச்சல் வந்தது. ஆனால் அடுத்துச் சொன்னதை அவர் கவனமாகத்தான் கேட்டார். முதலில் மாத்திரைகள். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சிலருக்கு அதிலேயே இதயம் சுருங்கி, இதழ்கள் மறுபடி சேர்ந்துகொள்ளும். சேராவிட்டால், தொடை இடுக்கு ரத்த நாளம் வழியாகக் குழாயை இதயம் வரை செலுத்தி, இரண்டு இதழையும் பிடித்து நடுவில் ஒரு கிளிப் போட்டுவிடுவார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை.

"ஒரே விஷயம்," என்றார் டாக்டர். "மாத்திரை கேக்கலைன்னா அது எங்களுக்குச் சீக்கிரம் தெரியணும். தள்ளிப்போச்சுன்னா இதயம் இன்னும் விரிஞ்சுரும். அப்புறம் கிளிப் போட்டும் பிரயோஜனம் இருக்காது."

எப்படித் தெரியும் என்பதை நர்ஸ் சொன்னாள். தினமும் காலையில் கழிவறை போய்விட்டு வந்து, சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். நோட்டில் எழுத வேண்டும். எடை கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் செய்ய வேண்டும். மெதுவாக ஏறினாலும், வெள்ளிக்கிழமை தோறும் அவள் போன் செய்து எடையைக் கேட்கும்போது பிடிபட்டுவிடும். மருத்துவமனையின் தராசில் ஏற்றி, "எழுபத்தொண்ணு. இங்கேருந்து தொடங்குங்க" என்று நோட்டைக் கையில் கொடுத்தாள். எடை பார்க்கத் தெரியுமா என்று வேறு கேட்டாள். பக்கத்தில் நின்ற மனைவி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக் கொடியில் துணி கிளிப்புகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. அரைக்கிராம் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். துடிக்கிற இதயத்துக்குள் அப்படி ஒன்று. "அதெல்லாம் அவசியப்படாது," என்றார் மனைவியிடம். பயம் என்று அவர் சொல்லவில்லை.

குளியலறைத் தராசு பழையது. உள்ளே ஸ்பிரிங், மேலே முள் ஓடும் வட்டம், முன்பக்கத்தில் முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஒரு சின்னச் சக்கரம். முதல் நாள் எழுபத்தொன்று காட்டியது. மருத்துவமனைத் தராசோடு பொருந்துகிறது என்று அதற்கு நற்சான்று கொடுத்தார். நான்காவது நாள் எழுபத்தொன்று புள்ளி மூன்று காட்டியது.

வேறு யாராக இருந்தாலும் எழுபத்தொன்று புள்ளி மூன்று என்று எழுதிவிட்டுப் பல் துலக்கப் போயிருப்பார்கள். இவர் புன்னகைத்தார். ஸ்பிரிங் தராசு நாள்பட்டால் தளரும், தளர்ந்தால் கூடுதலாகக் காட்டும் என்பது அவருக்கு முப்பத்திரண்டு வருஷப் பாடம். சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் சோதனைக்கான எடைக்கற்களை எல்லாம் ஓய்வுபெற்ற அன்றே அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தாயிற்று. வீட்டில் நம்பத்தகுந்த எடை என்று எதுவும் இல்லை. யோசித்தபோது ஒன்றே ஒன்று இருப்பது தெரிந்தது. மருத்துவமனையே பார்த்து எழுபத்தொரு கிலோ என்று சான்று கொடுத்த எடைக்கல். அவரே.

எடைக்கல் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆகவே தராசுதான் தப்பு. குனிந்து சக்கரத்தைத் திருகி, ஏறி நின்று, முள் எழுபத்தொன்றில் வந்து நிற்கிறதா என்று பார்த்து, நோட்டில் எழுபத்தொன்று என்று எழுதினார். திருத்தம் செய்தால் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, "திருத்தம் 0.3" என்று எழுதிச் சுருக்கொப்பமும் வைத்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் பார்த்த எந்த எடைக்கல்லும் தண்ணீர் குடித்ததில்லை, மூச்சு வாங்கியதில்லை, கால் வீங்கியதில்லை. அந்த வித்தியாசம் அவர் புத்திக்கு எட்டவில்லை.

அடுத்த வாரம் திருத்தம் 0.4. அதற்கடுத்து 0.2, பிறகு 0.5. வெள்ளிக்கிழமை தோறும் நர்ஸ் போன் செய்தாள். இவர் ஏழு நாள் எடையையும் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறவர் போல ஒப்பித்தார். எழுபத்தொன்று, எழுபத்தொன்று, எழுபத்தொன்று.

"ஒரு கிராம்கூட அசையல சார். உங்க நோட்டு மாதிரி யாருமே எழுதறதில்ல."

"பழக்கம்தான் சிஸ்டர்," என்று அடக்கமாகச் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அந்தப் பாராட்டை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். எடை நிலையாக இருக்கிறது, ரத்த அழுத்தம் இடம் கொடுக்கிறது என்று டாக்டரைக் கேட்டு நர்ஸ் மாத்திரை அளவைப் படிப்படியாகக் கூட்டினாள்.

இந்தப் பக்கம் படுத்தால் மூச்சு முட்ட, ஒன்றாக இருந்த தலையணை மூன்றாயிற்று. மாடிப்படியில் மூன்றாம் படி வந்ததும் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று ஆராய ஆரம்பித்தார். எட்டாம் படியிலும் ஓர் ஆராய்ச்சி. அந்தச் சுவரை அதற்கு முன் யாரும் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. ஒருநாள் வெளியே கிளம்பும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை.

"தோல் செருப்பு. நனைஞ்சா சுருங்கிரும்," என்றார்.

மனைவி வானத்தைப் பார்த்தாள். "மழை எப்ப பெஞ்சுது?"

"ஈரக்காத்து போதும்."

"செருப்பு சுருங்குது, பெல்ட்டு சுருங்குது, மோதிரம் சுருங்குது. நீங்க மட்டும் அப்படியே இருக்கீங்க." கட்டை விரலால் அவர் கணுக்காலை ஒரு அழுத்து அழுத்தினாள். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "இது என்னங்க?"

"நோட்டப் பாரு," என்றார் அரைக்கிராம். "எழுபத்தொண்ணு."

இரண்டாம் மாதக் கடைசி வெள்ளியன்று நர்ஸ் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை டாக்டர்கள் கூட்டம் இருக்கு சார். யாருக்கெல்லாம் கிளிப் போடணும்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணுவாங்க. உங்க எடையப் பாத்துட்டு, மாத்திரையே போதும், ஆறு மாசம் கழிச்சு எக்கோ பாத்துக்கலாம்னு டாக்டர் எழுதி வெச்சிருக்கார்."

ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. மனைவியிடம் சொல்லப் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போனார். பன்னிரண்டு அடி தூரம். நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும் வரை நின்றார். திரும்பியபோது, சொல்ல வந்த சந்தோஷம் எங்கேயோ போயிருந்தது. ஏதோ ஒன்று உறுத்தியது. கடைசிப் பக்கத்தை ஒரு தடவை கூட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கூட்டவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் கூட்டாமல் விட்ட ஒரே பக்கம் அதுதான்.

திங்கட்கிழமை ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போட்டார். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து, "உக்காந்துட்டுப் போங்க சார்" என்றார். உயிரோடு இருப்பதாக இப்போதுதானே எழுதிக் கொடுத்தோம், அதற்குள் இவருக்கென்ன சந்தேகம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் தெருவில் அவர் மச்சினனின் கடை இருந்தது. மனைவியின் தம்பி. வெங்காயம், உருளைக்கிழங்கு, தானியம் எல்லாம் மூட்டைக் கணக்கிலும் கிலோ கணக்கிலும் விற்கும் கடை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், சாயங்கால நேரம், கூட்டம் நிற்கும்போது, அரைக்கிராம் ஒரு மேலதிகாரியோடு அந்தக் கடையில் ஏறினார். தராசைச் சோதித்தார். எடை குறைகிறது என்று எல்லார் முன்னாலும் அறிவித்து, தராசைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். சொந்த மச்சினன் என்றும் பார்க்காத மனுஷன் என்று துறை முழுக்கப் பேர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு கிடையாது. மனைவி மட்டும் தம்பி வீட்டுக்குப் போய் வருவாள். இவர் அந்தத் தெருவில் எதிர்ப்பக்கமாகவே நடப்பார்.

அன்றைக்கு எதிர்ப்பக்கம் போகத் தெருவைக் கடக்க வேண்டும். கடக்க மூச்சில்லை. பத்தடி நடந்தார், நின்றார். இன்னும் ஐந்தடி. கண் இருட்டியது. உட்கார ஏதாவது கிடைக்காதா என்று கை துழாவ, முழங்கால் உயரத்தில் பலகை போல ஒன்று தட்டுப்பட்டது. அப்படியே உட்கார்ந்தார். கொஞ்சம் தெளிந்ததும்தான் தான் உட்கார்ந்திருப்பது மச்சினன் கடை வாசலில், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசின் மேல் என்று தெரிந்தது. தலைக்கு மேலே கம்பத்தில் பச்சை எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மச்சினன் வெளியே வந்தான். வியாபாரி, பழக்க தோஷம், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எண்ணைப் பார்த்தான்.

"எழுபத்தாறு," என்றான்.

அரைக்கிராமுக்குப் பேச மூச்சில்லை. இருந்த மூச்சைத் திரட்டி அவர் சொன்னது இதுதான்: "கால் தரையில இருக்கு. கால் தரையில இருந்தா... குறைச்சுக் காட்டும்."

"அப்பத் தூக்குங்க அத்தான்."

தூக்கினார். எழுபத்தெட்டு புள்ளி இரண்டு.

வெங்காயப் பையோடு நின்ற ஒரு பெண்மணியும் எண்ணைப் பார்த்தாள். அரைக்கிராம் பதினோரு வருஷம் கழித்து மச்சினனிடம் தன் இரண்டாவது வாக்கியத்தைப் பேசினார்.

"உன் தராசு தப்பு."

 மச்சினன் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி ஒரு மூட்டைமேல் உட்கார வைத்தான். உள்ளே போய், சோதனைக்கென்று வைத்திருந்த இருபது கிலோ எடைக்கல் ஒன்றைத் தூக்கி வந்து மேடையில் வைத்தான். இருபது. இன்னொன்று. நாற்பது. மூன்றாவது. அறுபது. எடுத்துவிட்டு, சுழியத்துக்கு வந்ததைக் காட்டிவிட்டு, மறுபடி வைத்தான். அறுபது.

"இன்னொரு தடவ வைக்கவா?"

கம்பத்தின் பக்கவாட்டில் முத்திரை பளிச்சென்று இருந்தது. இந்த வருஷத்து முத்திரை. அரைக்கிராமிடம் வேலை கற்றுக்கொண்ட ஆய்வாளரின் அடையாள எண். அதற்கு மேல் ஆட்சேபிக்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. மூட்டைமேல் உட்கார்ந்தபடி, கடைசிப் பக்கத்தை மனசுக்குள் கூட்டினார். ஆறு புள்ளி மூன்று. எழுபத்தொன்றோடு சேர்த்தால் எழுபத்தேழு புள்ளி மூன்று. உடை, சாவிக்கொத்து, பணப்பை எல்லாம் சேர்ந்து தொள்ளாயிரம் கிராம். எழுபத்தெட்டு புள்ளி இரண்டு. ஒரு கிராம் பிசகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டல் சரியாக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நாளைக்குக் கூட்டம்," என்றார். "கிளிப் வேண்டாம்னு எழுதிட்டாங்க."

மச்சினனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் உதடு நீலம் பாரித்திருப்பது தெரிந்தது. வெங்காயம் வாங்க வந்த பெண்மணியிடம் "அப்புறம் வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினான். சரக்கு வண்டியின் முன்சீட்டில் இவரை ஏற்றி, வழியில் அக்காவையும் நோட்டையும் ஏற்றிக்கொண்டான். போகும் வழியெல்லாம் அவன் பேசியது ஒன்றே ஒன்றுதான்: "பெல்ட் போடுங்க அத்தான்."

நர்ஸ் அவரைத் தராசில் ஏற்றினாள். எழுபத்தெட்டு. நோட்டைத் திறந்தாள். அன்று காலை எழுபத்தொன்று. நோட்டைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"காலைல வரைக்கும் சரியாத்தான் இருந்துச்சு சிஸ்டர்," என்று வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்னதுமே அரைக்கிராமுக்குக் காதில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை கடை, எத்தனை கல்லா, எத்தனை பேர் இதே வாக்கியத்தை, இதே அசடு வழியும் முகத்தோடு அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தரையாவது அவர் நம்பியதுண்டா?

"இல்ல," என்றார். "பொய் சொல்றேன். தராசைத் திருத்தினேன்."

"எப்படித் திருத்தினீங்க?"

"ஏறுறப்பல்லாம் சக்கரத்தைத் திருகி எழுபத்தொண்ணுல வெச்சேன். கடைசிப் பக்கத்துல பதிஞ்சிருக்கேன்."

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். இருபத்தோரு திருத்தங்கள், தேதியோடு, சுருக்கொப்பத்தோடு, ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாமல். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் உட்கார்ந்து, முன்பக்கத்து எடையையும் கடைசிப் பக்கத்துத் திருத்தத்தையும் ஒவ்வொரு நாளுக்கும் கூட்டி ஒரு வரைபடம் போட ஆரம்பித்தாள். டாக்டர் வந்து அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவ மாத்திரையக் கூட்டினப்பவும் எடையும் ஏறிட்டே போயிருக்கு. முழு அளவு குடுத்தும் கேக்கல," என்றார். "நோட்டோட முன்பக்கத்த நம்பியிருந்தா ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு சொல்லிருப்பேன். நீங்க வந்திருக்க மாட்டீங்க." பேனாவை எடுத்துக் கோப்பில் ஒரு வரியை அடித்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவு துல்லியமா எடை எழுதின நோயாளிய நான் பாத்ததில்ல சார். என்ன, உண்மை எல்லாம் கடைசிப் பக்கத்துல இருக்கு."

படுக்க வைத்து, ஊசி வழியாக மருந்து ஏற்றி, ஆறு நாளில் ஆறு கிலோ நீரை வடித்தார்கள். அவருடைய ஆறு புள்ளி மூன்றில் மிச்சம் புள்ளி மூன்று எங்கே என்று கேட்க நினைத்து, வாயை மூடிக்கொண்டார். நீர் வடிந்தபின் மறுபடி எக்கோ. தொண்டை வழியாகக் குழாய் விட்டு இன்னொரு ஸ்கேன். கசிவு குறையவில்லை, ஆனால் இதழ்கள் கிளிப் பிடிக்கிற நிலையில்தான் இன்னும் இருந்தன. இன்னும் சில மாதம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள்.

கிளிப் போடுவதற்கு முதல்நாள் சாயங்காலம் மனைவி அவர் கால் பக்கமாக உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குப் பயமா இருந்துச்சு," என்றார் அரைக்கிராம். "ஸ்பிரிங் தளர்ந்துதுன்னு முதல் வாரம் நெசமாவே நம்பினேன். அப்புறம் நம்பல. பயந்துட்டுத் திருகினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"முப்பத்தஞ்சு வருஷமா உங்ககூடக் குப்பை கொட்றேன். எங்கிட்ட பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா சேந்து பயந்திருக்கலாம். அதுக்கு எதுக்கு அந்தத் தராசைப் போட்டு வதைச்சீங்க?" அவள் குரல் கடைசியில் உடைந்தது. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

கிளிப் போட்டது அவருக்குத் தெரியாது. மயக்கத்தில் இருந்தார். கண் விழித்த மறுநாள் டாக்டர் வந்தார்.

"ரெண்டு கிளிப் போட்டோம். நல்லாப் பிடிச்சிருக்கு. முன்ன நிறையக் கசிஞ்சுது, இப்பக் கொஞ்சம்தான்."

"முழுசா நிக்கலையா?"

"நிக்க வேண்டியதில்ல. இன்னொண்ணு போட்டு இறுக்கிருக்கலாம். அப்படி இறுக்கினா வழி குறுகிப்போய், முன்னால போற ரத்தமும் தடைப்படும். அது இதவிட மோசம். இந்த அளவுக்குக் கசியலாம் சார், அனுமதிக்கலாம்."

அன்று முழுக்க அரைக்கிராம் 'அனுமதிக்கலாம்' என்ற சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலியா என்று நர்ஸ் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். பதினோரு வருஷத்துக்கு முந்திய சாயங்காலம் ஒன்று வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டது. அன்று மச்சினன் தராசில் குறைந்தது உண்மைதான். ஆனால் அது எல்லைக்குள் இருந்தது. சட்டம் விட்டுவிடச் சொல்லும் அளவுக்குள். அவருக்கு அது அப்போதே தெரியும். பக்கத்தில் மேலதிகாரி நின்றார். மச்சினன் கடை என்பதால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அந்தப் பயத்தைத்தான் நேர்மை என்று துறை முழுக்கப் பேர் வாங்கி, வாழ்த்து அட்டையில் அச்சடித்து, கண் கலங்கியும் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தபோது குளியலறைத் தராசின் சக்கரத்தின்மேல் சிவப்பாக ஒரு சொட்டு காய்ந்து இறுகியிருந்தது. முள்ளைச் சுழியத்தில் வைத்துவிட்டு மனைவி இட்ட நகப்பூச்சு. "சீல் வெச்சாச்சு," என்றாள். "உடைஞ்சிருந்தா உங்களத்தான் தூக்கிட்டுப் போவேன்." அது சட்டப்படி செல்லாது என்று விளக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து மென்று விழுங்கினார். எழுபத்தொன்று புள்ளி ஆறு. எழுதினார். மறுநாள் எழுபத்தொன்று புள்ளி எட்டு. கை சக்கரத்தின் பக்கம் போனது. போன கையால் பேனாவை எடுத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் மச்சினன் கடைக்கு நடந்தார். வழியில் ஒரு சுவரையும் ஆராயவில்லை. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் தூக்கிக்கொண்டு போனதை, அத்தனை பேர் முன்னால்தான் திருப்பித் தர வேண்டும் என்பதால் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கிளம்பியிருந்தார். கடை வாசலில் ஆறேழு பேர் நின்றார்கள். என்ன பேசுவது, எங்கே நிற்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவர், கால் கொண்டு போன இடத்தில், மேடைத் தராசின் மேலேயே ஏறி நின்றார்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க," என்றார். "பதினோரு வருஷத்துக்கு முன்னால இந்தக் கடைத் தராசு தப்புன்னு நான் தூக்கிட்டுப் போனேன். அது தப்பில்ல. சட்டம் விடச் சொன்ன அளவுக்குள்ளதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் தூக்கினேன். தப்பு எம்மேல."

 ஆறேழு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தருக்குக்கூட அப்படி ஒரு நாள் நடந்ததே தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பதினோரு வருஷமாக ஊரே பேசுகிறது என்று அவர் நினைத்திருந்த விஷயம் அந்த வாசலில் இரண்டே பேருக்குத்தான் ஞாபகம் இருந்தது. ஒரு பெண்மணி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சரிங்க, கொஞ்சம் எறங்குறீங்களா? உருளைக்கிழங்கு மூட்டை போடணும்" என்றாள்.

மச்சினன் கையிலிருந்த கரண்டியைத் தானியத்துக்குள் செருகிவிட்டு வந்தான்.

"எனக்கும் அன்னிக்கே தெரியும் அத்தான்," என்றான் மெதுவாக. "நானும் கல்லை வெச்சுப் பாத்திருந்தேன்."

"அப்ப ஏன் சொல்லல? மேல புகார் குடுத்திருக்கலாமே?"

"குடுத்திருந்தா உங்க வேலை போயிருக்கும். அக்கா என்ன பண்ணுவா?" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "நீங்களே வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பதினோரு வருஷம் ஓடிப்போச்சு" என்றான்.

அரைக்கிராம் தராசிலிருந்து இறங்கவில்லை.  கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினால் எல்லாரும் பார்ப்பார்கள் என்று சும்மா நின்றார்.

மச்சினன் அவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நிமிர்ந்து, எந்த வாடிக்கையாளருக்கும் சொல்லும் அதே உரத்த குரலில், கம்பத்தின் எண்ணைப் படித்தான்.

"எழுபத்திரண்டு நூறு. சரியா இருக்கு, எறங்குங்க அத்தான்."

காலையில் வீட்டில் எழுபத்தொன்று புள்ளி ஐந்து இருந்தது. உடையும் செருப்பும் தொள்ளாயிரம் கிராம் இருக்கும். அப்படிப் பார்த்தால் எழுபத்திரண்டு நானூறு காட்ட வேண்டும், முந்நூறு கிராம் குறைகிறது. அரைக்கிராமின் வாய் திறந்தது. மச்சினன் காத்துக்கொண்டு நின்றான்.

"சரியா இருக்கு," என்றார் அரைக்கிராம், இறங்கினார்.